டாக்டர் நாகலிங்கம் பிடுங்க மறுத்த பல்

லாரிக்காரன் முனுசாமி சிரம்பானிலிருந்து அரிசி மூட்டைகளோடு வந்து இறங்கினான். நான் வழக்கம்போல ஒரு மூட்டையில் குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் விழுந்த அரிசியில் ஒன்றை எடுத்துக் கடைவாய்ப் பல்லில் வைத்திருந்தேன். அப்போதுதான் அவன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

“காக்கா, விசயம் தெரியுமா? பல்லு டாக்டரு போயிட்டாராம். நெஞ்சு வலின்னு சொன்னவரு, ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சாம் லா.”

“எந்தப் பல்லு டாக்டர்?” என்று கேட்டேன். பாருங்கள் என் புத்தியை! மலாயாவின் இந்த நெகிரி செம்பிலானில் எனக்கு எத்தனை பல் டாக்டர்களைத் தெரியும்? வாயிலிருந்த அரிசியைக் கடிக்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அப்படியே கல்லாப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். முனுசாமிதான் ஆளைக் கூப்பிட்டு மூட்டைகளை இறக்கி வைத்தான்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு என் கடையைத் தெரியும். மீதிப் பேருக்கு என் வாயைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லிங்கி ரோட்டில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயங்களுக்குப் போகிற வளைவில் அரிசி, பருப்பு, கருவாடு, வெற்றிலை, புகையிலை விற்கிற மரைக்காயர் நான். கீழக்கரைப் பக்கத்து ஆள்; எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம், இங்கே எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். டாக்டர் நாகலிங்கம் யாழ்ப்பாணத்தவர், கல்கத்தாவில் பல் வைத்தியம் படித்தவர், சிரம்பானில் வீடு. வாரம் ஒரு நாள் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தன் பழைய மோட்டாரில் வருவார். நல்ல பருமன், நல்ல சத்தம், அட்டைக்குப் பயந்து காலுறைக்கு மேல் காலுறை போடுகிறவர். ஆளின் பெயரை மறந்துவிடுவார், பல்லை மறக்க மாட்டார். “ஓ, அந்த மேல் வரிசையில இடைவெளி உள்ள மனுசன்!” என்றுதான் கங்காணியைக்கூடச் சொல்வார்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது ரப்பர் விலை விழுந்து தோட்டமெல்லாம் சோர்ந்து கிடந்த காலத்தில். என் இடப்பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் அதற்கு முன்பே போய்விட்டன. வலி வந்தது, ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற டிரெஸர் குறட்டால் பிடித்து இழுத்தார், தீர்ந்தது. வலப்பக்கத்தில் கீழே இரண்டும் மேலே ஒன்றும் மிச்சம். அவையும் ஆட ஆரம்பித்தன. ஈறு வீங்கும், காலையில் எச்சிலோடு இரத்தம் வரும், வாய் நாறும்.

அரிசி வியாபாரிக்குக் கடைவாய்ப் பல் என்றால் என்ன என்று மற்றவர்களுக்குத் தெரியாது. கண்ணால் பார்த்து அரிசி வாங்குகிறவன் ஏமாந்து போவான். பழைய அரிசி கடக்கென்று உடையும். புதிய அரிசி சற்றே அழுந்தி உடையும். கப்பலில் நனைந்து காய வைத்த அரிசி மாவாக நசுங்கும். ரங்கூன் அரிசியோ சயாம் அரிசியோ, என் வாப்பா காலத்திலிருந்து நாங்கள் கடித்துப் பார்த்துத்தான் வாங்குகிறோம். சிரம்பானில் மொத்தக் கடை வைத்திருக்கிற சீன முதலாளி, தவுக்கே என்போம், என்னைக் கண்டதும் மூட்டையைப் பிரித்துவிட்டு, “காக்கா, கிகிட் டூலு லா!” என்பார். முதலில் கடித்துப் பார் என்று மலாயில் சொல்கிறார். இடப்பக்கம் போய்விட்டது. வலப்பக்கமும் போனால் தவுக்கே கொடுத்ததை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். சோறு குழைந்தால், புளித்தால், லயத்துப் பெண்கள் என்னைத்தான் திட்டுவார்கள். அவர்கள் திட்டுவதைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனாலும் நான் டாக்டரிடம் போனது பல்லைக் காப்பாற்றிக்கொள்ள அல்ல. பல்லைக் காப்பாற்றலாம் என்றே எனக்குத் தெரியாது. “வலி பொறுக்க முடியலை டாக்டரய்யா, பிடுங்கிப் போட்டுருங்க” என்றேன்.

அவர் வாய்க்குள் மெல்லிய கம்பியை விட்டு ஈற்றை அங்கங்கே ஆழம் பார்த்தார். பல்லை இரண்டு கருவிகளுக்கு நடுவில் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

“மரைக்காயர், நீர் ஒண்டுக்குப் போற இடத்தில எறும்பு மொய்க்கிறதோ?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பல்லைக் காட்ட வந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?

“கோவிக்காதேயும். சர்க்கரை வியாதி இருந்தா நான் அறுத்த புண் ஆறாது. அதுதான் கேக்கிறன்.”

எறும்பெல்லாம் இல்லை என்றேன். அப்போது அவர் எழுந்து, அறைக்கு நடுவில் கால்களை அகட்டி நின்றார். மேசை மேலிருந்த துவாலையை எடுத்து இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். “இஞ்ச பாரும். நான்தான் உம்மடை கடைவாய்ப் பல்லு. என்ரை ரெண்டு காலும் வேர். இந்தத் துவாய்தான் முரசும் எலும்பும்” என்றார். முரசு என்றால் அவர்கள் பேச்சில் ஈறு. “நீர் வெத்திலையும் புகையிலையும் அதக்கி அதக்கி, வாயைக் கழுவாமல் விட, இது இறங்குது.” துவாயை முழங்கால் வரை இறக்கினார். “இப்ப ரெண்டு காலுக்கும் நடுவில ஒரு சந்து தெரியுதோ? சோறும் சாறும் அதுக்குள்ள போய்க் கிடந்து அழுகுது. அந்தச் சந்தைத் துப்புரவாக்கி, தொங்குற முரசை அறுத்து, நீர் குச்சி விட்டுக் கழுவக்கூடிய மாதிரிச் செய்து தரலாம். பல்லு நிக்கும்.”

அந்தப் பருத்த மனிதர் துவாயைக் கட்டிக்கொண்டு காலை அகட்டி நின்ற கோலத்தைப் பார்த்து டிரெஸர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நான் வலியையும் மறந்து சிரித்தேன். ஆனால் விஷயம் மண்டையில் ஏறிவிட்டது.

“அப்ப மூணு பல்லும் நிக்குமா?” என்று கேட்டேன்.

“கீழ் ரெண்டும் நிக்கலாம். ஆடுதுதான், ஆனா அடியில இன்னும் எலும்பு இருக்கு. மேல் பல்லுக்கு மூண்டு வேர். அந்தச் சந்துகளுக்குள்ள உம்மடை குச்சியும் போகாது, என்ரை கருவியும் ஒழுங்காப் போகாது. செய்து பாப்பம். எல்லாப் பல்லையும் காப்பாத்துவன் எண்டு சொல்லுறவன் பொய்யன்.”

பிறகு மேசையில் கையூன்றிக்கொண்டு சொன்னார்: “நான் அறுக்கிறது பாதி வேலைதான். மற்றப் பாதி உம்மடை கையில. புகையிலையை விடாட்டி நான் கத்தியை எடுக்கவே மாட்டன்.”

புகையிலையை விடுவதா! நான் புகையிலை விற்கிறவன். விடியற்காலையில் கடைப்பலகையைத் திறக்கும்போது வாயில் போட்டால், ராத்திரி படுக்கும்வரை ஒன்று மாற்றி ஒன்று. என் கையெட்டும் தூரத்தில் புகையிலைக் கட்டு அடுக்கியிருக்கிறது. மீன்காரியை மீன் வாசம் பிடிக்காமல் இரு என்று சொல்வதைப் போல இருந்தது எனக்கு. “அது நடக்காதுங்க” என்று எழுந்து வந்துவிட்டேன்.

அவர் விடவில்லை. அடுத்த வாரம் கடைக்கே வந்தார். கருவாட்டைப் புரட்டிப் பார்த்தபடி, “உங்கடை நோன்பு மாதம் எப்ப துவங்குது?” என்று கேட்டார். இன்னும் கொஞ்ச நாளில் பிறை பார்ப்பார்கள் என்றேன்.

“நோன்பு நேரத்தில வெத்திலை, புகையிலை?”

“அஸ்தஃபிருல்லாஹ்! பகல்ல தண்ணியே கிடையாது, புகையிலையா?”

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. “அப்ப நோன்பு துவங்க ஒரு வாரம் முன்னம் அறுப்பம். மருந்துப் பத்துப் போட்டு ஆறுறதுக்கு அந்த வாரம். பிறகு பகல் முழுக்க அல்லா உம்மைப் பாத்துக்கொள்ளுவார். இரவுக்கு மட்டும் நீர் உம்மைப் பாத்துக்கொள்ளும்.”

ஒரு சைவ வேளாளர், என் மார்க்கத்தின் மாதத்தை வைத்து என் வாய்க்கு நாள் குறிக்கிறார்! சரி என்றேன்.

அறுவை நடந்த விதத்தை நான் விரிக்கவில்லை. ஊசி போட்டதும் தாடை மரத்துவிட்டது. அவர் தனக்குத் தானே ஏதோ தேவாரம் முனகிக்கொண்டே வேலை செய்தார். பட்டு நூலால் தைத்து, கிராம்பெண்ணெய் குழைத்த வெள்ளைப் பசையைப் பத்துப் போல அப்பினார். வாயெல்லாம் என் கடைக் கிராம்பு டின் வாசம். ஒரு வாரம் கழித்துப் பத்தை எடுத்தபோது உள்ளே நன்றாக ஆறியிருந்தது. “இனிக் கழுவ வேண்டியது நீர்” என்று, நாங்கள் பல் துலக்குகிற மிஸ்வாக்குக் குச்சியின் நுனியை மெல்லியதாகச் சீவி, தூரிகையாக நசுக்கி, பல்லின் சந்துக்குள் எப்படி விடுவது என்று கண்ணாடி பிடித்துக் காட்டினார். மறுநாள் நோன்பு.

அங்கேதான் நான் கோட்டை விட்டேன். நோன்பு முறிந்துவிடுமோ என்ற பயம். ஈற்றிலிருந்து இரத்தம் வந்து தொண்டைக்குள் இறங்கிவிட்டால்? கொப்பளிக்கிற தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போய்விட்டால்? தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்யும்போதுகூட வலப்பக்கத்துக் கன்னத்தை இறுக்கிக்கொண்டு, இடப்பக்கமாக மட்டும் தண்ணீரைச் சுழற்றித் துப்பினேன். அறுத்த பக்கத்தில் பகலெல்லாம் குச்சியும் இல்லை, தண்ணீரும் இல்லை. ராத்திரி நோன்பு திறந்து, தராவீஹ் என்கிற இரவுத் தொழுகையும் முடித்து, களைத்துப்போய்ப் படுத்துவிடுவேன். புகையிலையைத் தொடவில்லை, அது உண்மை. புகையிலை டப்பாவில் கிராம்பை நிரப்பி வைத்துக்கொண்டு, கை அரிக்கும்போதெல்லாம் ராத்திரியில் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன். பெரிய சாதனை செய்துவிட்டதாக நினைப்பு வேறு.

டாக்டர் வந்தார், வாயைத் திறக்கச் சொன்னார், உடனே மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன காணும் இது? குப்பைமேடு மாதிரி இருக்கு! குச்சி விட்டனீரோ இல்லையோ?”

காரணத்தைச் சொன்னேன். கோபத்தில் அவருடைய கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. “நீர் நோன்பு பிடிக்கிறது வயித்துக்கோ, பல்லுக்கோ?” என்று கத்தினார். அந்தக் கத்தல் லயம் வரைக்கும் கேட்டிருக்கும். பிறகு திடீரென்று அமைதியாகி, “உங்கடை பெரியவர் ஆர்? அவரிட்டக் கேப்பம்” என்றார்.

எங்கள் பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற லெப்பை அப்போது பள்ளிவாசலுக்கு வெளியே நிழலில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் என்னையும் ஏற்றிக்கொண்டு போய் மோட்டாரை நிறுத்தி, சப்பாத்தையும் அந்த இரட்டைக் காலுறைகளையும் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு போய் அவர் எதிரில் கைகட்டி நின்றார். ஒரு பல் டாக்டர் என் வாய் நாற்றத்தைப் பற்றி லெப்பையிடம் முறையிட்டதை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

லெப்பை நிதானமாகக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஏம்ப்பா, ஒளுவுல வாய் கொப்பளிக்கிறது நபி காட்டின வழி, சுன்னத்துன்னு சின்னப் புள்ளைக்குத் தெரியும். தொண்டைக்குள்ள போற மாதிரி காரிக் கொப்பளிக்கக் கூடாதுன்னுதான் இருக்கு. உன்னைய வாயைப் பூட்டிக்கிட்டு இருக்கச் சொல்லி யாரு சொன்னா? ரத்தம் வந்தாத் துப்பு. மிஸ்வாக்கு உச்சிப் பொழுதுக்கு முன்னால தாராளமாப் பண்ணலாம். உச்சிக்கு அப்புறம் பண்றது நம்ம மத்ஹபு சட்டத்துல வெறுக்கப்பட்டது. நோன்பு திறந்தப்புறம் எவ்வளவு வேணுமோ பண்ணு.”

டாக்டர் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார். “விடியச் சாப்பாடு முடிஞ்ச உடனே ஒரு தரம். மத்தியானத்துக்கு முதல் ஒரு தரம். நோன்பு திறந்து சாப்பிட்ட பிறகு ஒரு தரம். தொழ முதல் ஒவ்வொருக்காவும் தண்ணி. எனக்கு இது போதும் ஐயா, தாராளமாக் காணும்!” லெப்பைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “டாக்டரே, நீங்க இவனுக்குப் பல்லு வைத்தியம் பாக்குறீங்களா, இல்ல மார்க்கம் சொல்லிக் குடுக்குறீங்களா?” என்றார். இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு உள்ளே எரிந்தது. ஆனாலும் சொன்னபடி செய்தேன்.

பெருநாள் அன்று டாக்டர் என் வீட்டுக்கு வந்தார். பிரியாணியை என் வீட்டார் தட்டில் வைத்துக்கொண்டிருக்கும்போதே, “பெருநாள் வாழ்த்து. வாயைத் திறவும்” என்றார். ஜன்னல் வெளிச்சத்துக்கு என்னைத் திருப்பி வைத்துப் பார்த்தார். கீழ் ஈறு இறுகி, வெளிறிய ரோஜா நிறத்தில் இருந்தது. பல்லை விரலால் அழுத்தினார். ஆட்டம் குறைந்திருந்தது. “அரிசியை மட்டும் இப்ப கடியாதேயும். நான் சொல்லுற வரைக்கும் பொறும்” என்று சொல்லிவிட்டுத்தான் பிரியாணியில் கை வைத்தார். சைவர்தான், ஆனால் என் வீட்டுப் பிரியாணிக்கு மட்டும் விலக்கு உண்டு என்று அவர் மனைவிக்கும் தெரியும், ஆகையால் இங்கே எழுதுவதில் தப்பில்லை.

மேல் பல் அவர் சொன்னபடியே நிற்கவில்லை. திரும்பவும் சீழ் வைத்தது. அதைப் பிடுங்கிய நாளில் அவர் தேவாரம் முனகவில்லை. “இது என்ரை தோல்வி, உம்மடையதில்லை” என்றார். முதலிலேயே சொன்னதுதானே, எனக்கு வருத்தமில்லை. அவருக்குத்தான் வருத்தம்.

அதன் பிறகு அவர் மோட்டார் லிங்கிப் பக்கம் வரும்போதெல்லாம் என் கடையில் நிற்கும். “ஒருக்கா அறுத்தாச்சு எண்டு விட்டா, திரும்ப இறங்கும். நான் வந்து பாத்துக்கொண்டே இருக்க வேணும்” என்பார். வியாபாரம் நடக்கிற நேரத்தில், வெற்றிலை வாங்க நிற்கிற பெண்களுக்கு முன்னால், “வாயைத் திறவும்!” என்று சத்தம் போடுவார். மானம் போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். “கடிக்காதேயும், திறவும்” என்பார். பெண்கள் கொல்லென்று சிரிப்பார்கள். அப்படிச் சிரித்தவர்கள்தான் ஒவ்வொருவராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிற அஞ்சலை அவர்களில் ஒருத்தி. அவளுக்கு இடப்பக்கத்தில் அறுத்துவிட்டு, “இந்தப் பக்கம் இனிப் புகையிலை வைக்காதே பிள்ளை” என்றார் டாக்டர். அவள் சொன்ன சொல்லைத் தட்டாதவள். இருட்டோடு மரம் வெட்டப் போகும்போது பசிக்கும் குளிருக்கும் அதக்குகிற புகையிலையை அன்றிலிருந்து வலப்பக்கம் வைத்துக்கொண்டாள். இடப்பக்கம் அழகாக ஆறியது, வலப்பக்கம் வீங்கியது. “நீங்கதான சாமி அந்தப் பக்கம் வேணாம்னு சொன்னீங்க?” என்று அவள் கேட்டபோது டாக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. “பிழை என்னிலதான். பக்கம் சொன்னது நான்தானே” என்றார். அன்றிலிருந்து யாருக்கு அறுத்தாலும், விரலால் தன் முகத்தைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டு, “வாய் முழுக்க! முழுக்க!” என்பார். இப்போது எங்கள் தோட்டத்தில் ஒருத்தி மற்றொருத்தியைப் புகையிலையோடு கண்டால் வாய் பேசாமல் அந்த வட்டத்தைத்தான் போட்டுக் காட்டுகிறாள். அஞ்சலை புகையிலையை விட்டுவிட்டாள். அவள் பற்கள் இரண்டு பக்கமும் நிற்கின்றன.

ஒரு நாள் அவர் கடைக்கு வந்து, என் வாயைப் பார்த்து முடித்து, தானே போய் மூட்டையிலிருந்து ஓர் அரிசியை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார்.

“ம், கடியும்.”

வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், பயந்துவிட்டேன். அஞ்சலையும் இன்னும் சிலரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வலப்பக்கம் கீழ்ப் பல்லில் வைத்தேன். மேலே அந்தப் பல் இல்லை, அதற்கு அடுத்த பல்லோடு சற்று முன்னால் நகர்த்திப் பொருத்தினேன். கடித்தேன். கடக்கென்று உடைந்தது.

“பழைய அரிசி” என்றேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, “சத்தம் எனக்கும் கேட்டது” என்று மட்டும் சொன்னார்.

எங்கள் தோட்டத்தில் இன்று பல் வலி என்று போகிறவன் முதலில் கேட்பது, “இது நிக்குமா டாக்டரய்யா?” என்றுதான். பிடுங்கிவிடுங்கள் என்று யாரும் வாயெடுத்தவுடன் சொல்வதில்லை. இனி அவர் இடத்துக்கு யார் வந்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் சனங்கள் விட மாட்டார்கள்.

என்னிடம் அவருடைய படம் இல்லை, அவர் கைப்பட எழுதியது எதுவும் இல்லை. கீழ் வரிசையில் இரண்டு பற்கள் இருக்கின்றன. நேற்று ராத்திரியும் சாப்பிட்டு முடித்துக் குச்சியை எடுத்தேன். கண்ணீர் வந்துவிட்டது, கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் சந்துக்குள் குச்சியை விட்டு ஒழுங்காகக் கழுவிவிட்டுத்தான் படுத்தேன். இல்லாவிட்டால் எங்கிருந்தாவது “வாயைத் திறவும்!” என்ற அந்தச் சத்தம் கேட்டுவிடும் என்று ஒரு பயம்.

அவர் வீட்டில் முப்பத்தோராம் நாள் சடங்கை அந்தியேட்டி என்கிறார்கள். அன்று வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட வேண்டும். அரிசி என் பொறுப்பு என்று அவர் மனைவியிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். தவுக்கே கடைக்குப் போனபோது, விஷயம் தெரிந்த அவர் வழக்கம்போலச் சத்தம் போடாமல், மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். நான் எல்லாவற்றிலும் எடுத்துக் கடித்தேன். நசுங்கியதைத் தள்ளினேன், அழுந்தியதைத் தள்ளினேன், கடக்கென்று உடைந்ததை மட்டும் லாரியில் ஏற்றினேன்.

அவரை அறிந்தவர்கள் எல்லோரும் அன்று சிரம்பானுக்கு வாருங்கள். சோறு நன்றாக இருக்கும். நான் கடித்துப் பார்த்துவிட்டேன்.